முந்நூற்றுத் தொண்ணூறு வாட்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
நாற்பது நிமிடம். இரண்டு சரக்கு ரயில்,
நடுவில் ஓர் எஞ்சின் மட்டும் தனியாக,
எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போவதுபோல.
ஸ்கூட்டரில் என் கால்களுக்கு நடுவே பவர் மீட்டர்.

பட்டறையில் தேசிங்கு சொன்னான்:
"மூவாயிரம் வச்சா மூவாயிரம் வரல மேடம்.
நாலு எம்எம் தகடு, கீழ ஒட்டிக்கினு நிக்குது."

வெட்டு முனையில் அளந்தேன்.
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து.
மீதி முந்நூற்றுத் தொண்ணூறு வாட்
இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான்
எங்கோ சூடாக உட்கார்ந்திருக்கிறது.
ஒளி காணாமல் போவதில்லை.
போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சுடுகிறது.

லேசர் கேபிளைப் புறங்கையால் தடவிக்கொண்டே போனேன்,
ஜுரம் பார்ப்பதுபோல.
மூன்று மீட்டர்வரை ஒன்றுமில்லை.
நான்காவதில் கை தானாக விலகியது.

போன மாத மழையில் உள்ளே தண்ணீர் வந்ததாம்.
நனையக் கூடாதென்று தூக்கி
ஆணியில் மாட்டியிருக்கிறார்கள், ஈரத் துண்டு மாதிரி.
டீ கிளாஸ் அளவுக்கு ஒரு வளைவு.
உள்ளே ஓடுவது கண்ணாடி நூல்,
திருப்பினால் திரும்பும்.
ஒளிக்கு அவ்வளவு சட்டென்று திரும்பத் தெரியாது.
மூலக்கொத்தளம் திருப்பத்தில்
ஷேர் ஆட்டோவின் ஓரத்து ஆள்போல வெளியே வழிந்துவிடும்.

ஆணியைப் பிடுங்கினேன்.
பழைய சைக்கிள் ரிம் ஒன்றைச் சுவரில் அடித்து
அதன்மேல் கேபிளைப் படுக்கவைத்தேன்.
நூற்றெண்பது திரும்பி வந்தது.

காப்புக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தேன்.
நடுவில் மிளகளவு கரி. சுற்றிலும் வெள்ளைப் பொடி.
எண்ணூர்ச் சாம்பல் என்றுதான் நினைத்தேன்,
எல்லாவற்றுக்கும் அதன்மேல் பழியைப் போட்டுப் பழகிய ஊர்.
ஆனால் சாம்பல் இவ்வளவு வெளுப்பில்லை,
விரலில் இப்படி வழுக்காது.

"கேரம் ஆடுவியா?"

தேசிங்கு தன் கையைப் பார்த்துக்கொண்டான்.
சாப்பாட்டு நேரத்தில் ஒரு போர்டு,
பெல் அடித்ததும் அதே கையோடு கண்ணாடி மாற்றல்.

மெஷினின் நினைவில் இன்னொன்றும் இருந்தது:
சனி இரவு பதினொன்று நாற்பது. எதிரொளி. தானாக நின்றது.
ஆர்டர் நோட்டில் அந்த மணிக்கு எதுவும் இல்லை.
கழிவுப் பெட்டியில் பித்தளைத் துணுக்கு.

"பித்தளை ஒளியைத் தின்னாது தேசிங்கு.
வந்த வழியே திருப்பி அடிக்கும்."

"ரீபவுண்டு," என்றான் உடனே.
"கட்டைல பட்டு நம்ம கைக்கே வர்றது."
மூன்று நாள் பயிற்சி வகுப்பில்
யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

சில்லருக்குப் பின்னாலிருந்து
செய்தித்தாள் சுற்றிய ஒரு தகட்டை எடுத்து வந்தான்.
ஏழாவது தெரு மகளிர் கேரம் குழு.
முதல் பரி
அதோடு நின்றிருந்தது.
"தங்கச்சி செமி ஃபைனல் வந்துகீது மேடம்."

அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
பித்தளை என்று எழுதினால் வாரண்டி போகும்.
போனால், முதலாளி எபினேசர்
கண்ணாடிக் காசையும் என் வருகைக் காசையும்
எந்தச் சம்பளத்தில் பிடிப்பார் என்று தெரியும்.
வளைவு, தூசு என்று எழுதினேன்.
இரண்டும் பொய்யில்லை.
எழுதும்போது பேனா கொஞ்சம் சுட்டது.

புதுக் கண்ணாடி போட்டுக் கடைசி அளவு:
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.

"மிச்சம் எழுபது?"

அதை விட்டுவிட வேண்டும்.
எந்தக் கண்ணாடியும் முழுதாகக் கொண்டு சேர்க்காது.
சுடுவதானால் இங்கே சுடு என்று ஓர் இடம் கொடுத்து
அதைச் சுற்றித் தண்ணீர் ஓடவிடுவது,
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.
இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
"சில்லர்ல தண்ணி குறையாம பாத்துக்கோ," என்றேன்.

பையை மாட்டும்போது கேட்டான்:
"அந்த 'சு' மட்டும் மேடம்..."

"அரம் எடுத்து ராவு."

கேட் மூடுவதற்குள் போயாக வேண்டும்.
பித்தளையில் அரம் உரசும் சத்தம்
சந்து முனைவரைக்கும் வந்தது.